பீற்றிஸ் பெண்ணியவாதியான வரலாறு

முள்ளித்துறைப் பீற்றிஸ் பெண்ணியவாதியாவதற்கு முழுமுதற் காரணம் ஒரு தோணி. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அரச கோவைகளில் வேறு காரணங்கள் பதியப்பட்டிருக்கின்றன.

பீற்றிஸுக்கு நாற்பத்திரண்டு வயது. பதினைந்து வயதிலிருந்து மட்டக்களப்பு வாவியில் தோணி வலிக்கிறாள். தகப்பன் இருந்த காலத்தில் அவருக்குச் சவள்துடுப்பு வலித்துக் கொடுத்தவள், அவர் போன பிறகு தானே எழும்பி நின்று வலை வீசினாள். கண்டல் மரங்களின் ஓரம் எந்த மாதம் இறால் ஒதுங்கும், எந்தக் காற்றுக்கு நண்டு மேலே வரும் என்றெல்லாம் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவளுடைய புருசன் ஜெராட், ஏறாவூரில் ஹலீம் நானாவின் பேக்கரியில் பாண் போடுகிறவன். வீட்டுச் சமையலும் அவன்தான். ஏழு வயதில் வாவியில் விழுந்து எழும்பியவன், அன்றிலிருந்து தண்ணீரைக் கோப்பையில் மட்டும்தான் சந்திக்கிறான்.

ஆனால் பதிவேட்டின்படி, மீனவர் ஜெராட். பீற்றிஸ், மீனவர் மனைவி.

கலியாணம் முடித்த கிழமை நடந்த பதிவு அது. "தோணி இரிக்கிற வீட்டில ஆம்பிள ஆரு?" என்று பதிய வந்தவர்கள் கேட்டார்கள். ஜெராட் எழும்பி நின்றான். அவ்வளவுதான். பதினெட்டு வருசமாகப் புயல் எச்சரிக்கை ஜெராட்டுக்குத்தான் வரும். உயிர்காப்பு அங்கி ஜெராட்டுக்குத்தான் வரும். 'நவீன முறையில் வலை வீசுதல்' என்ற மூன்று நாள் பயிற்சிக்கும் அவனுக்கே அழைப்பு வந்தது. மரியாதைக்காகப் போய்வந்து, "சாப்பாடு நல்லம். வலைய இடக்கையால மடிக்கணுமாம்" என்றான்.

"அப்படி மடிச்சா நான் தண்ணிக்குள்ளதான் கிடப்பன்" என்றாள் பீற்றிஸ். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் நின்றுபோனது. வாவியோர வாழ்வாதார இணைப்பு அலுவலகம் என்று ஒன்று அந்தப் பகுதியில் புதிதாகத் திறந்திருந்தார்கள். அதன் ரோந்துப் படகு பீற்றிஸின் தோணிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"தோணி ஆர்ட?"

"என்ட."

"பதிவில ஜெராட் எண்டு இரிக்கி. அவர் எங்க?"

"பேக்கரியில."

"அப்ப இதில மீன் புடிக்கிறது ஆரு?"

பீற்றிஸ் தன் கையிலிருந்த வலையைப் பார்த்தாள். காலடியில் துள்ளுகிற மீன்களைப் பார்த்தாள். "நீங்களே பாத்துச் சொல்லுங்க தம்பி" என்றாள்.

அவர்கள் பார்த்துச் சொன்னார்கள். 'மீனவர் எவரும் காணப்படாத நிலையில் மிதந்துகொண்டிருந்த தோணி' என்று எழுதி, பீற்றிஸைக் கரையில் இறக்கிவிட்டு, தோணியை அலுவலகத்துத் துறைக்கு இழுத்துப் போய்ச் சங்கிலி போட்டுக் கட்டினார்கள்.

அலுவலகத்தில் பொறுப்பாக இருந்தவர் திவாகரன் என்ற உத்தியோகத்தர். முப்பது வயது இருக்கும். நல்ல பிள்ளை. எவரையும் கோபித்துப் பேசமாட்டார். விதிக்கு வெளியே ஒரு மூச்சும் விடமாட்டார்.

"பதிவில இரிக்கிறவர் வந்து தோணிய வலிச்சிட்டுப் போகலாம் அக்கா, ஒரு பிரச்சினயும் இல்ல" என்றார்.

மறுநாள் ஜெராட் மா படிந்த சேட்டுச் சட்டையோடு, உயிர்காப்பு அங்கியையும் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வந்தான். கண்ணை மூடிக்கொண்டு தோணியில் கால் வைத்தான். தோணி நின்ற இடத்திலேயே மூன்று சுற்றுச் சுற்றியது. "யேசுவே!" என்று கத்தியபடி ஜெராட் துறைக் கட்டையைக் கட்டிப்பிடித்தான். இரண்டு பேர் சேர்ந்து அவனைக் கட்டையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. 'காலநிலைச் சீரின்மை காரணமாக ஒப்படைப்பு நடைபெறவில்லை' என்று திவாகரன் எழுதினார். அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை.

"சேர், பதிவ என்ட பேருக்கு மாத்திவிடுங்க. முடிஞ்சிரும்" என்றாள் பீற்றிஸ்.

"அதுக்குப் படிவமில்லயே" என்றார் திவாகரன். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். பிறகு அவருடைய முகம் மெல்ல வெளித்தது. மேசையில் கிடந்த சுற்றுநிருபத்தை எடுத்தார். அதன் சாரம் இதுதான்: ஒவ்வொரு அலுவலகமும் மார்ச் எட்டாம் திகதி மகளிர் தினத்துக்கு முன்னர் இருபத்தைந்து பெண்ணியவாதிகளை இனங்கண்டு சான்றிதழ் வழங்குதல் வேண்டும். அவ்வாறு இனங்காணப்பட்டோரின் தொழில் உபகரணங்கள் அவரவர் சொந்தப் பெயரிலேயே முன்னுரிமை அடிப்படையில் பதியப்படும்.

"அக்கா, உங்களுக்குப் பெண்ணியவாதம் இரிக்கா?" என்று நீரிழிவு இருக்கிறதா என்று கேட்கிற அக்கறையோடு கேட்டார்.

"அப்படியெண்டா என்ன சேர்?"

திவாகரன் தாள்களைப் புரட்டினார். "வரைவிலக்கணம் பின்னிணைப்பில இரிக்காம். அது இன்னும் வரல்ல. படிவம் வந்திட்டு."

படிவத்தில் பெயர், முகவரி, 'பெண்ணியவாதியாக விரும்புவதற்கான காரணம் (இருபத்தைந்து சொற்களுக்கு மேற்படாமல்)', கடைசியாகக் குடும்பத் தலைவரின் சம்மத ஒப்பம். ஜெராட் அந்த இடத்திலேயே சந்தோசமாக ஒப்பமிட்டான். படிவத்தை வாங்கிப் பார்த்த திவாகரனின் நெற்றி சுருங்கியது.

"இது சிக்கல் அண்ணன். நீங்க இவ்வளவு சுறுக்கா சம்மதிச்சா, அவங்க எப்படிப் பெண்ணியவாதி? ஒடுக்குமுறையே இல்லயே."

"அப்ப சம்மதிக்காம விடட்டா?"

"சம்மதமில்லாட்டி விண்ணப்பம் செல்லாது."

மூன்று பேரும் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அடுத்த மேசையில் கொம்பியூட்டர் தட்டிக்கொண்டிருந்த நிஸ்றா, தலையைத் தூக்காமலே, "முதல்ல எதிர்த்து மறுகா சம்மதிச்சதா ஒரு கடிதம் தந்தாச் சரிதானே சேர்" என்றாள். அந்த அலுவலகத்தில் வேலை தெரிந்தவள் நிஸ்றா ஒருத்திதான். அதனால் அவளுக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

ஜெராட் பேனாவை வைத்துக்கொண்டு முழித்தான். "நான் என்னத்தக் கா எதிர்த்தன்?"

"ஏதாவது எதிர்த்த மாதிரி எழுதுங்களன்" என்றாள் பீற்றிஸ்.

வியர்த்து விறுவிறுத்து அவன் எழுதியது: 'என் மனைவி பெண்ணியவாதியாவதை நான் ஏறக்குறையப் பத்து நிமிடங்கள் கடுமையாக எதிர்த்தேன். பின்னர் சோறு வடிக்க வேண்டியிருந்ததால் சம்மதித்தேன்.' திவாகரன் முத்திரை குத்தினார்.

இதோடு விசயம் முடிந்திருக்கும். ஆனால் இருபத்தைந்து பேர் வேண்டுமே. முள்ளித்துறைப் பெண்களைத் திவாகரன் வீடு வீடாகக் கேட்டார். படிவத்தை வாங்கிய பெண்களின் புருசன்மாரில் பாதிப்பேர் ஒப்பமிடவில்லை. மீதிப்பேர் எதிர்ப்புக் கடிதத்தை மட்டும் உணர்ச்சியோடு எழுதிவிட்டுச் சம்மதிக்க மறந்துபோனார்கள். அப்போதுதான் மீனவர் சங்கத் தலைவர் யோசேப்பு, சுற்றுநிருபத்தின் ஆறாம் பந்தியைக் கண்டுபிடித்தார். 'பால் வேறுபாடின்றி எவரும் விண்ணப்பிக்கலாம்.'

ஆண்களுக்கு வேலை சுலபம். குடும்பத் தலைவரின் சம்மதம் தேவை. குடும்பத் தலைவர் அவர்களேதான். யோசேப்பு தனக்குத் தானே சம்மதம் கொடுத்து, தன் காரணத்தை எழுதினார்: 'என் தாய் ஒரு பெண். என் மனைவியும் ஒரு பெண். விசாரித்ததில் என் மகளும் பெண்ணே.' முதலாம் இலக்கச் சான்றிதழ் அவருக்குக் கிடைத்தது. அடுத்த நாளே புதுப் படகு இயந்திரத்துக்கு முன்னுரிமைப் பட்டியலில் பெயரும் ஏறியது.

அதன் பிறகு முள்ளித்துறையில் பெண்ணியவாதம் அம்மை நோய் மாதிரிப் பரவியது. ஊதாதான் பெண்ணியவாதிகளின் நிறம் என்று யாரோ சொல்லிவிட, ஏறாவூர்க் கடைகளில் ஊதாச் சேட்டுத் துணி முடிந்துபோனது. கிடைக்காதவர்கள் கத்தரிக்காய் நிறத்தில் தைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் துறையில் சீட்டாடுகிறவர்கள்கூட, "நான் ஒரு பெண்ணியவாதி எண்ட முறையில இந்த ஆட்டத்தில இருந்து விலகுறன்" என்று பேசத் தொடங்கினார்கள். யோசேப்பு வீட்டு வாசலில் நின்று, "இஞ்ச, நானிப்ப பெண்ணியவாதி! தேத்தண்ணி கொண்டுவா!" என்றார். அடுப்படியிலிருந்து அவருடைய மனைவி, "என்ன வியாதி?" என்று பதறிக்கொண்டு ஓடிவந்தாளாம்.

மாசி முடிவதற்குள் இருபத்து நாலு ஆண்கள் தேறிவிட்டார்கள். இன்னும் ஒரு இடம்தான் மிச்சம். பீற்றிஸின் விண்ணப்பம் 'பரிசீலனையில்' கிடந்தது. பெண்கள் விசயத்தில் அவசரப்படக்கூடாது என்பதால், அவளுக்கு மட்டும் நேர்முகத் தேர்வு வைத்தார்கள்.

அந்த நாலு கிழமையும் அவள் தினமும் அலுவலகத்து மர வாங்கில் வந்து குந்தியிருந்தாள். யன்னலுக்கு வெளியே தோணி தெரியும். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிறையும். வெயில் எறித்தால் பலகை பிளக்கும். அவளுடைய உள்ளங்கைகளில் இருபத்தேழு வருசமாக இருந்த காய்ப்பு மெல்ல உரியத் தொடங்கியது. ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. நிஸ்றா தன் சாப்பாட்டுப் பெட்டியில் பாதியைப் பிரித்து அவள் பக்கம் தள்ளினாள்.

"மிஸ், நீங்க பெண்ணியவாதி இல்லயா?"

"எனக்கு வேல கிடக்கு அக்கா" என்றாள் நிஸ்றா.

நேர்முகத் தேர்வுக் குழுவில் திவாகரன், யோசேப்பு, கத்தரிக்காய் நிறச் சேட்டில் இன்னுமொரு சான்றிதழ் பெற்ற பெண்ணியவாதி.

"நீங்க வாவிக்குப் போனா வீட்டில சமைக்கிறது ஆரு தங்கச்சி?" என்று யோசேப்பு தொடங்கினார்.

"ஜெராட்."

"பேக்கரியிலயும் வேல, வீட்டிலயும் வேலயா? அப்ப நீங்க அவர ஒடுக்குறீங்க."

கத்தரிக்காய்ச் சேட்டு உருக்கமாகத் தலையாட்டியது.

"சரி, ஏன் பெண்ணியவாதியாக விரும்புறீங்க?" என்று திவாகரன் கேட்டார்.

பீற்றிஸ் எழும்பி நின்றாள். தோணியில் நின்று பழகியவள். இருந்தபடி பேச அவளுக்கு வராது.

"முதல்ல தோணிக்காகத்தான் சேர். பொய் சொல்லல்ல. ஆனா நாலு கிழம இந்த வாங்கில இருந்து யோசிச்சுப் பாத்தன். பதினெட்டு வருசமா நான் புடிச்ச மீனயெல்லாம் ஜெராட் புடிச்சதா எழுதியிரிக்கி. அந்த மனுசன் ஆக்கிப் போட்ட சோறெல்லாம் நான் ஆக்கினதா எழுதியிரிக்கி. ரெண்டு பேரையும் ஒருத்தரும் பாக்கல்ல. உள்ளத உள்ளபடி எழுதுங்க எண்டு கேக்கிற ஆளுக்குத்தான் இந்தப் பேரெண்டா, நான் அதுதான். வரைவிலக்கணம் வந்தாலும் அதுதான், வராட்டியும் அதுதான்."

திவாகரன் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதவுக்கு வெளியே கொம்பியூட்டர் தட்டுகிற சத்தமும் நின்றிருந்தது.

யோசேப்பு தொண்டையைச் செருமினார். "இருபத்தைஞ்சு சொல்லுக்குக் கூடிப்போச்சு" என்றார்.

நிராகரித்தே இருப்பார்கள். ஆனால் அன்று பின்னேரம் சுற்றுநிருபத்துக்குத் திருத்தம் ஒன்று வந்தது: 'இருபத்தைவரில் குறைந்தது ஒருவராவது பெண்ணாக இருத்தல் விரும்பத்தக்கது.' பீற்றிஸ் இருபத்தைந்தாவது பெண்ணியவாதியானாள்.

மகளிர் தின விழா அலுவலக முற்றத்தில் வெகு விமரிசையாக நடந்தது. ஊதாப் பலூன், ஊதாப் பெனர், ஊதாக் கேக். மேடையில் இருபத்து நாலு ஆண்கள். பெண்களின் எழுச்சி பற்றி யோசேப்பு ஒன்றரை மணித்தியாலம் பேசினார். கொட்டகைக்குப் பின்னால் முள்ளித்துறைப் பெண்கள் எல்லாரும் முந்நூறு பேருக்குச் சோறு ஆக்கிக்கொண்டிருந்ததால் எவருக்கும் கேட்கவில்லை. பீற்றிஸ் சான்றிதழைக் கையில் வாங்கிய உடனே மேடையால் இறங்கி, நேரே நிஸ்றாவின் மேசைக்குப் போனாள்.

"இந்தாங்க மிஸ். தோணிய என்ட பேரில ஏத்துங்க."

நிஸ்றா தட்டினாள். திரையைப் பார்த்தாள். திரும்பவும் தட்டினாள். "இது ஏற்குதில்ல அக்கா. பெண் எண்டு அமத்தினா மீனவர் மனைவியெண்டு போகுது. மீனவர் எண்டு அமத்தினா ஆண் எண்டு மட்டும்தான் வருது. இந்தப் புறோகிராமச் செய்தவன் அப்படித்தான் செஞ்சிரிக்கான்."

"மாத்த ஏலாதா?"

"கொழும்புக்கு எழுதணும். ரெண்டு வருசம் செல்லும்."

யன்னலுக்கு வெளியே தோணியின் அணிய முனையில் யாரோ ஊதாப் பலூன் கட்டியிருந்தார்கள். பீற்றிஸ் ஒரு மூச்சு எடுத்தாள்.

"ஆண் எண்டு அமத்துங்க."

நிஸ்றா அமத்தினாள். சங்கிலி கழன்றது. அன்று பின்னேரம், மாரியில் நிறைந்த குளம் மாதிரித் தளும்புகிற மனதோடு, திரு. பீற்றிஸ் வாவிக்குப் போனார். முதல் வீச்சிலேயே இறால் கொட்டியது. பலூனை அவிழ்க்கவும் மறந்துபோனார்.

திங்கட்கிழமை காலையில் திவாகரன் அறிக்கை தயாரிக்கும்போது கூட்டலை மூன்று தரம் சரிபார்த்தார். பெண்ணியவாதிகள் இருபத்தைந்து. ஆண்கள் இருபத்தைந்து. பெண்கள் பூச்சியம்.

"நிஸ்றா! ஒரு பொம்பிளயாவது வேணுமே!"

"ஒருத்தர் இரிக்கார் சேர்" என்றாள் நிஸ்றா. "மீனவர் பீற்றிஸ் எண்டு ஏத்தினதும், அது தானாவே ஜெராட்ட மீனவர் மனைவியா மாத்திட்டு. பால், பெண்."

திவாகரன் பதிவேட்டைப் பார்த்தார். பதிவேடு பொய் சொல்லாது. ஜெராட்டை அழைத்து, சமைக்கிறது ஆர் என்று கேட்டார். நான்தான் என்றான். வீடு கூட்டுகிறது? நான்தான். பெயரில் ஏதும் சொத்து உண்டா? இல்லை. திவாகரனுக்குக் கண் கலங்கியது. இவ்வளவு ஒடுக்கப்பட்ட பெண்ணை அவர் தன் சேவைக் காலத்தில் கண்டதில்லை. சம்மத ஒப்பம் பீற்றிஸ் போட்டாள். இலக்கு நூற்று நாலு வீதம் எட்டப்பட்டதாக அறிக்கை போனது. மாவட்டத்தின் சிறந்த பெண் பெண்ணியவாதிக்கான விருதும் ஊதாச் சேலை ஒன்றும் ஜெராட்டுக்கு வந்தன. சேலையை வெட்டிப் பாண் மூடுகிற துணியாக்கினான். விருதைப் பேக்கரியில் வைத்தான். ஹலீம் நானா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

சித்திரை பிறந்த பிறகு மீனவர் சங்கத்தின் மாதக் கூட்டம் வந்தது. 'திரு. பீற்றிஸ் அவர்கட்கு' என்று அழைப்பும் வந்தது. சங்கத்துக் கட்டடத்துக்குள் அவள் அதுவரை கால் வைத்ததில்லை. வெளியே நின்று மீன் நிறுத்திருக்கிறாள், உள்ளே போனதில்லை. இப்போது அந்த இருபத்து நாலு பேருக்கு நடுவில் அவளுக்கென்று ஒரு கதிரை. முதுகைச் சாய்க்கலாம். யோசேப்பு எழும்பி, "வாங்க, வாங்க" என்றார். மேலே காற்றாடி சுற்றியது. பீற்றிஸுக்கு உள்ளுக்குள் சிரிப்புப் பொங்கியது.

கூட்டம் தொடங்கியது. துறைக்குப் புது விளக்குப் போடுவது என்று தீர்மானம். "ஆதரவானவங்க கைய உயர்த்துங்க!" பீற்றிஸ் உயர்த்தினாள். யோசேப்பு ஒவ்வொரு கையாக விரல் நீட்டி எண்ணினார். அவளுடைய கையையும் எண்ணினார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் அவளை எண்ணுகிறார்! கண்டல் வெட்டுவதைத் தடுக்கிற தீர்மானம் வந்தது. உயர்த்தினாள். சங்கத்துக் கூரையைப் பூசுகிற தீர்மானம் வந்தது. யோசேப்பு சொல்லி முடிக்கும் முன்பே உயர்த்தினாள். கை பஞ்சு மாதிரி லேசாக மேலே போனது.

சங்கக் கூட்டத்துக்குத் தேத்தண்ணி கொண்டுவருவது உறுப்பினர்களின் மனைவிமார், முறை வைத்து. அந்த மாதம் முறை, பதிவேட்டின்படி, ஜெராட்டுக்கு. பேக்கரியிலிருந்து அரை நாள் லீவு போட்டு, இருபத்தைந்து கோப்பையோடு வந்தான். தட்டுத் தட்டாக நீட்டிக்கொண்டு போனான். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பீற்றிஸ் கூரைக்கு என்ன நிறம் பூசுவது என்று பேசிக்கொண்டே கோப்பையை எடுத்தாள். ஒரு வாய் குடித்தாள்.

"சீனி காணாது" என்றாள், கூரையைப் பார்த்தபடி.

ஜெராட் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு தட்டை மேசையில் வைத்துவிட்டு, மூலையில் காலியாகக் கிடந்த கதிரையில் போய் இருந்தான். பாவம், அதிகாலையிலிருந்து நின்ற கால்.

சபை திடுக்கிட்டது. பெண்ணியவாதிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யோசேப்பு பதறாமல், அனுபவசாலியின் நிதானத்தோடு எழும்பினார். "இதையும் இண்டைக்கே முடிச்சிருவம். உறுப்பினர்ட மனைவிமார் கூட்ட நேரத்தில சபையில இருக்கக்கூடா. ஆதரவானவங்க கைய உயர்த்துங்க!"

எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போனார். "இருபத்தைஞ்சு. ஏகமனதா நிறைவேறிட்டு!"

யார் அந்த இருபத்தைந்தாவது ஆள் என்று பீற்றிஸ் சுற்றிப் பார்த்தாள். கதிரை கதிரையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள்.

ஜெராட் எழும்பி, தட்டைக் கையில் எடுத்தான். போகிற வழியில் அவளருகே நின்று, எப்போதும் போல மெதுவாகச் சொன்னான்:

"கைய இறக்குங்க பீற்றிஸ். நோகும்."